கமராவில் பூட்டுற சின்ன மைக்: எம்50க்கு எது சரி?

சமையல்கட்டு

என்னிட்ட இருக்கிறது கெனன் எம்50 கமரா, கூடவே வந்த 15-45 லென்ஸ். எடுக்கிறது இரண்டு வகை வீடியோ. ஒன்று, வெள்ளவத்தை ஃபிளாட்டில் குசினியில் நின்று சமைச்சுக்கொண்டே கதைக்கிறது. மற்றது, கிழமைக்கு ஒருக்கா வெளியில போய், காலிமுகத்திடலிலயோ சந்தையிலயோ ஆட்களிட்ட கதை கேட்கிறது.

கமராவின் சொந்த மைக்கில் குரல் கிணற்றுக்குள்ள இருந்து வாற மாதிரி இருக்கு. ஃபேன், காலி வீதி வாகனம், கரையோர ரயில் எல்லாம் குரலுக்குச் சமனாகக் கேட்குது. கடையில் போயா எம்எம்1, ரோட் வீடியோமைக்ரோ, சென்ஹைசர் எம்கேஇ 200 என்று மூன்றைக் காட்டினார்கள். விலை படிப்படியாக ஏறுது. விலைக்கு ஏற்றபடி வித்தியாசம் இருக்குமா?

ஒலிமானி

பதில் சொல்ல முதல் ஒரு கேள்வி. உங்கள் வாய்க்கும் கமராவுக்கும் இடையில் எவ்வளவு தூரம்? குசினியில் எவ்வளவு, வெளியில் எவ்வளவு என்று இரண்டையும் அளந்து சொல்லுங்கள்.

சமையல்கட்டு

குசினியில் 2 மீட்டர். வெளியில் 80 சென்ரிமீட்டர், கூடினால் 1 மீட்டர்.

ஒலிமானி

அப்படியானால் வெளி வீடியோவுக்கு அந்த மூன்றில் எதுவும் உதவும். குசினிக்கு, கமராவின் தலையில் பூட்டி வைக்கும்வரை, மூன்றில் எதுவுமே போதாது. காரணத்தை விளங்கிக்கொண்டால் காசை எதில் போடுவது என்பது தானாகத் தெரியும்.

வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் நேரடிக் குரல் 6 டெசிபெல் குறையும். 2 மீட்டரில் இருக்கிற மைக்கை 50 சென்ரிமீட்டருக்குக் கொண்டுவந்தால் தூரம் இரண்டு முறை பாதியாகிறது. குரல் 12 டெசிபெல் ஏறும். ஆனால் அறையின் எதிரொலியும் வீதிச் சத்தமும் அறை முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பவை. மைக் கிட்ட வந்ததற்காக அவை ஏறாது. அந்த 12 டெசிபெல் முழுதும் உங்களுக்கு லாபம்.

இனி மைக்கை மாற்றினால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். வீடியோமைக்ரோவும் எம்எம்1உம் கார்டியொயிட், அதாவது முன்பக்கத்தை நன்றாகக் கேட்டு பின்பக்கத்தை அடக்கும் வகை. எம்கேஇ 200 சுப்பர்கார்டியொயிட், அதைவிட ஒடுங்கலாக முன்பக்கம் கேட்கும் வகை. எல்லாப் பக்கமும் கேட்கும் மைக் ஒன்றை 1 மீட்டரில் வைத்தால் குரலுக்கும் அறைச் சத்தத்துக்கும் என்ன விகிதம் வருமோ, அதே விகிதத்தை கார்டியொயிட் 1.7 மீட்டரிலும் சுப்பர்கார்டியொயிட் 1.9 மீட்டரிலும் தரும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை டெசிபெலில் சொன்னால் 1. கிட்டக் கொண்டுபோனால் 12, மைக்கை மாற்றினால் 1. குசினியில் நான் எதற்குச் செலவழிக்கச் சொல்வேன் என்று இனி விளக்கத் தேவையில்லை.

கொட்டாஞ்சேனை_கமரா

அண்ணா சொல்றது சரி. ஆனா ஷொட்கன் மைக் (முன்னுக்கு நீளக் குழாய் வைச்ச மைக்) எண்டால் தூரத்துச் சத்தத்தையும் லென்ஸ் சூம் பண்ற மாதிரி இழுத்துத் தரும் எண்டு கடையில சொல்லுவினம். அதையும் ஒருக்கா தெளிவாச் சொல்லிவிடுங்கோ. அதைக் கேட்டு வாங்கிப் போட்டு ஏமாறுற ஆட்கள் கனபேர்.

ஒலிமானி

மைக் எதையும் இழுக்காது. பக்கவாட்டிலிருந்து வருவதைக் குறைக்கும், அவ்வளவுதான். ஷொட்கன் குழாய் அதைச் செய்ய வேண்டுமானால் குழாயின் நீளம் ஒலியின் அலைநீளத்தோடு ஒப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும். நம் வெக்கையில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். உதாரணமாக, 8 சென்ரிமீட்டர் குழாய்க்குச் சமனான அலைநீளம் வருவது 4,300 ஹேர்ட்ஸ் அளவில். அதற்கு மேலே, 'ஸ', 'ச' போன்ற கூரிய ஒலிகளில் மட்டும் குழாய் கொஞ்சம் வேலை செய்யும். குரலின் உடம்பு, த்ரீவீலர் என்ஜின், ஃபேன் இரைச்சல் எல்லாம் அதற்குக் கீழே. அங்கே அது சாதாரண சுப்பர்கார்டியொயிட் மைக்தான்.

டைல்ஸ் தரை, கொங்கிரீட் சுவர் உள்ள அறையில் இன்னொரு சிக்கல். பக்கத்துச் சுவரில் பட்டு வரும் எதிரொலியின் மேல்பகுதியை மட்டும் குழாய் வெட்டிவிடும், கீழ்ப்பகுதி அப்படியே உள்ளே வரும். அதனால் எதிரொலி மந்தமாக, தகரப்பேணிக்குள் கதைத்தது போலப் பதியும். சின்ன அறைக்குச் சாதாரண கார்டியொயிட்தான் சுத்தமாக இருக்கும்.

ஈயப்பற்று

கனெக்சன் பக்கத்தை நான் சொல்கிறேன், மூன்றையும் பூட்டுவதற்கு முதல் இது தெரிந்திருக்க வேண்டும்.

எம்50இல் 3.5 மில்லிமீட்டர் மைக் ஜாக் இருக்கிறது, நல்லது. இதை வாசிக்கும் மற்றவர்கள் தங்கள் கமராவின் பக்கத்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கெனன் 1500டி, நிக்கோன் டி3500 இரண்டிலும் மைக் ஜாக்கே இல்லை. கமராவின் தலையில் ஹொட் ஷூ (மைக், ஃபிளாஷ் பூட்டும் இடம்) இருக்கிறதே என்று மைக் வாங்கினால் அது மேலே சும்மா குந்திக்கொண்டுதான் இருக்கும்.

அந்த மூன்று மைக்கிலும் பற்றரி கிடையாது. கமரா அந்த ஜாக் வழியாகவே ஒரு சில வோல்ட் அனுப்பும், அதில்தான் ஓடும். அதைப் பிளக்-இன் பவர் என்பார்கள். ஸ்டூடியோ மிக்சரில் வருகிற 48 வோல்ட் ஃபேன்டம் வேறு. அதில் இவற்றை மாறிச் செருகக் கூடாது.

பிளக்கைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். உலோகத்தில் இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் அது கமராவுக்கு, டிஆர்எஸ். மூன்று கறுப்பு வளையம் இருந்தால் போனுக்கு, டிஆர்ஆர்எஸ். போயா எம்எம்1உம் எம்கேஇ 200உம் இரண்டு வயரையும் பெட்டிக்குள் தரும். முதல் வந்த வீடியோமைக்ரோவில் கமரா வயர் மட்டும்தான். போனுக்கு எஸ்சி7 என்ற வயர் தனியாக வாங்க வேண்டும். ரோட் வயர்களில் பிளக் கறுப்பென்றால் கமரா, சாம்பல் என்றால் போன்.

கைப்பேசிக்காரன்

மன்னிக்கவும், இடையில் ஒரு கேள்வி. போனில் மைக்கைச் செருகினால் பதிவாகிறது, ஆனால் போனின் சொந்த மைக்கில் பதிவான மாதிரியே இருக்கு. மைக் பழுதா?

ஈயப்பற்று

பழுதாக இருக்கச் சாத்தியம் குறைவு. இரண்டு வளைய வயரைப் போனில் செருகினால் போன் அதை ஹெட்போன் என்று நினைத்துக்கொண்டு தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்யும். நிச்சயமாகத் தெரிய, பதிவு ஓடும்போது மைக்கின் தலையை விரல் நகத்தால் மெதுவாக இரண்டு தட்டு, பிறகு போனின் அடிப்பக்க ஓட்டையருகே இரண்டு தட்டு. எது பலமாகக் கேட்கிறதோ அதுதான் பதிவு செய்யும் மைக். வயரை மாற்றுங்கள். யூஎஸ்பி-சி மாற்றி வைத்திருப்பவர்கள் அந்த மாற்றி மைக்கையும் ஏற்குமா, ஹெட்போனுக்கு மட்டுமா என்று பார்த்து வாங்க வேண்டும். பாட்டுக் கேட்க மட்டும் செய்த மாற்றிகள் கடைகளில் நிறைய.

சமையல்கட்டு

சரி, குசினியில் மைக்கைக் கிட்டக் கொண்டுவாறது என்றால் எப்படி? கமராவையே கிட்ட வைத்தால் அடுப்பு படத்துக்குள்ள வராது.

ஒலிமானி

கமரா நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும். மைக்கை மட்டும் கழற்றி முன்னுக்குக் கொண்டுவாருங்கள். வேண்டியவை மூன்று: ஒரு லைட் ஸ்டாண்ட், அதில் குறுக்காகப் பூட்டும் கம்பி ஒன்று, 3 மீட்டர் டிஆர்எஸ் நீட்டல் வயர். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் யுனிட்டி பிளாசாவிலும் தேடலாம். ரோட் மைக்கின் அடியில் உள்ள ஷூவில் 3/8 அங்குல மரை இருக்கும். லைட் ஸ்டாண்ட் நுனி பெரும்பாலும் 1/4 அங்குலம். இடையில் போட ஒரு பித்தளை மாற்றி வாங்க மறக்க வேண்டாம். அது இல்லாமல் டேப் சுற்றிக் கட்டினால் மைக்கின் அதிர்வுதாங்கி வேலை செய்யாது.

கம்பியைப் படத்தின் மேல் விளிம்புக்கு வெளியே நிறுத்துங்கள். மைக் உங்கள் நெற்றிக்கு 40-50 சென்ரிமீட்டர் மேலே, கொஞ்சம் முன்னே. முனை வாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே குறிபார்க்க வேண்டும். ஒருபோதும் சட்டிக்கு நேர் மேலே வேண்டாம். நீராவி கொண்டென்சர் மைக்கின் உள்ளே படிந்தால் பொட் பொட் என்று வெடிக்கிற சத்தம் வரும். வந்தால் கழற்றி, சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய டப்பாவில் ஒரு நாள் வையுங்கள். ஹெயார் டிரையர் பிடிக்க வேண்டாம். அடுப்பு இடப்பக்கம் என்றால் ஸ்டாண்ட் வலப்பக்கம்.

நீட்டல் வயரை 3 மீட்டரோடு நிறுத்துங்கள். இது சமநிலையில்லாத வயர், நீளம் கூடக்கூட அக்கம்பக்கத்து மின்சார இரைச்சலைப் பிடிக்கும். சார்ஜர் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள், குறுக்கே போக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்க விடுங்கள்.

ஈயப்பற்று

அதோடு, கமராவைச் சுவர்க் கரண்டில் செருகிய போலி பற்றரியில் ஓட்டினால் ஒரு "உம்ம்" வரலாம். இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் அந்த உம்ம் 50இலும் 100இலும் பலமாக நிற்கும். சந்தேகம் வந்தால் சார்ஜரைப் பிடுங்கி, சொந்தப் பற்றரியில் பத்து செக்கன் பதிந்து பாருங்கள். உம்ம் போனால் குற்றம் மைக்கில் இல்லை.

போனை மைக்குக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அழைப்பு வருமுன் வரும் "டிட்-டிடி-டிட்" சத்தம் நீட்டல் வயரில் ஏறினால் பிறகு எடுக்கவே முடியாது. ஏரோப்பிளேன் மோட்.

கொட்டாஞ்சேனை_கமரா

ஃபேன் பற்றி யாரும் சொல்லேல்ல. ரெண்டு பிரச்சினை இருக்கு அதில. ஃபேன் போடுற சத்தம் ஒண்டு. அதைவிட மோசம், ஃபேன் காத்து நேரா மைக்கில அடிக்கிறது. அது "புஃப் புஃப்" எண்டு அடியில உருளும். நிப்பாட்ட ஏலாத வெக்கை எண்டால், கதைக்கிற பகுதியை ஃபேன் இல்லாமல் ரெண்டு நிமிசத் துண்டுகளா எடுங்கோ. கிண்டுறது, வெட்டுறது எடுக்கேக்க திருப்பிப் போடலாம். மைக் மேல இருந்து கீழ பாக்கேக்க ஃபேன் சரியா அதின்ர முதுகுப் பக்கம் வரும். கார்டியொயிட்டுக்கு முதுகுதான் காது கேக்காத இடம், அதால சத்தம் கொஞ்சம் குறையும். ஆனா காத்துக்கு முதுகு முன்பக்கம் தெரியாது. அந்த நேரம் வீட்டுக்குள்ளயும் மயிர்த்தொப்பி (காத்தைத் தடுக்க மைக்குக்குப் போடுற மயிர் உறை) போடத்தான் வேணும்.

கைப்பேசிக்காரன்

வீட்டுக்குள் அந்த மயிர் உறை போட்டால் குரல் மூடிப் போகாதா?

ஒலிமானி

உயர்ந்த ஒலிகளில் சிறிது குறையும். ஆனால் எடிட் செய்யும்போது கூட்டிக்கொள்ளக்கூடிய அளவுதான். காற்று அடித்த பதிவை எந்த எடிட்டிலும் முழுதாகத் திருத்த முடியாது. ஆகவே சந்தேகமான இடத்தில் போடுங்கள்.

வீதிச் சத்தத்துக்கும் இதே "முதுகு" யோசனை உதவும். பெரும்பாலானவர்கள் யன்னலைப் பின்னணியாக வைத்து நிற்பார்கள், வடிவாக இருக்கிறதென்று. அப்போது மைக்கின் முகம் நேரே காலி வீதியைப் பார்க்கிறது. திருப்பிப் போடுங்கள்: கமராவின் முதுகு யன்னலுக்கு, உங்கள் முகம் யன்னலைப் பார்த்து. வெளிச்சமும் முகத்தில் விழும், வீதியும் மைக்கின் பின்னால் போகும். இந்த இடத்தில் கார்டியொயிட்டுக்கு ஒரு சாதகம் உண்டு. அது சரியாகப் பின்னால் 180 பாகையில் செவிடு. சுப்பர்கார்டியொயிட்டின் செவிட்டு இடம் பக்கவாட்டாக 126 பாகையில். நேர் பின்னால் அதற்கு ஒரு சின்னக் காது திறந்திருக்கும், முன்பக்கத்தைவிட 11 டெசிபெல் அளவுதான் குறைவு. கமராவுக்குப் பின்னால் நின்று மூச்சு வாங்குபவரின் சத்தம் எம்கேஇ 200இல் வருவது அதனால்தான்.

அறை எதிரொலியை அறிய நடுவில் நின்று ஒரு முறை கைதட்டுங்கள். தட்டலுக்குப் பின் "ட்ர்ர்" என்று ஒரு வால் கேட்டால், படத்தில் விழாத பக்கத்தில் தடித்த போர்வையோ மெத்தையோ நிறுத்துங்கள். தரைக்குத் தடித்த கம்பளம். பன்பாய் போதாது, அது மெல்லியது.

ரயில் வந்தால் நிறுத்துங்கள். 80 அல்லது 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டரை எடிட்டில் போட்டால் த்ரீவீலர், பஸ் உருளல் குறையும், குரலுக்குச் சேதமில்லை. ரயில் அதற்கு மேலேயும் பரந்திருக்கும் சத்தம். ஃபில்டர் அதைப் போக்காது.

சமையல்கட்டு

நிறைய விளங்கீட்டுது. கமராவுக்குள்ள லெவல் எப்படி வைக்கிறது? இதுவரை ஓட்டோவில்தான் இருக்கு.

ஈயப்பற்று

ஓட்டோவை முதலில் நிறுத்துங்கள். நீங்கள் கதைப்பதை நிறுத்தும் ஒவ்வொரு இடைவெளியிலும் கமரா "சத்தம் குறைந்துவிட்டது" என்று கெயினை ஏற்றும், ஃபேனும் வீதியும் மேலே எழும்பி வரும். அடுத்த சொல் வந்ததும் சட்டென்று அடங்கும். அந்த மூச்சு விடுவது போன்ற ஏற்ற இறக்கம் அதனால்தான்.

டயலை வீடியோவில் வைத்து, மெனுவில் சவுண்ட் ரெக்கோர்டிங்கை மெனுவலாக்குங்கள். உண்மையாகக் கதைக்கும் அளவில், சிரிக்கும் இடத்தையும் சேர்த்து, கதைத்துப் பாருங்கள். மீட்டரில் உச்சம் -12 கோட்டை இடையிடையே தாண்ட வேண்டும், 0ஐத் தொடவே கூடாது. எம்50இல் ஹெட்போன் ஜாக் இல்லை என்பதால் பத்து செக்கன் பதிந்து, கார்டைக் கணினியில் போட்டு, ஹெட்போனில் கேட்ட பிறகே முழுப் பதிவும்.

இங்கே பற்றரி உள்ள மைக்குகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்னக் கமராக்களின் உள் அம்ப்ளிஃபயர் மலிவு. அதை ஏற்ற ஏற்ற "ஸ்ஸ்" என்ற இரைச்சல் ஏறும். எம்கேஇ 400, ரோட் வீடியோமைக் என்டிஜி போன்றவை தம் உள்ளேயே சிக்னலை உயர்த்தி அனுப்பும், கமராவின் லெவலை அடியில் வைக்கலாம், இரைச்சல் குறையும். எம்கேஇ 400 இரண்டு ஏஏஏ பற்றரியில் ஓடும், சிக்னலைக் கூட்டிக் குறைக்க மூன்று நிலை சுவிட்ச் (-20, 0, +20), ஹெட்போன் ஜாக்கும் உண்டு. ஹெட்போன் இல்லாத எம்50க்கு அது பெரிய விசயம். ஒலிமானி அண்ணா "எதுவும் ஒன்றுதான்" என்பது போலச் சொன்னதில் எனக்கு இந்த இடத்தில் உடன்பாடில்லை.

ஒலிமானி

ஹெட்போன் ஜாக் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், வெளியில் தனியாகப் பேட்டி எடுப்பவருக்கு அது காசுக்குத் தகும். இரைச்சல் விசயத்தில் மட்டும் ஒன்று: 50 சென்ரிமீட்டருக்கு மைக் வந்துவிட்டால் குரல் 12 டெசிபெல் ஏறிவிடுகிறதே, கமராவின் லெவலை அந்தளவு இறக்கலாம். பற்றரி செய்யும் வேலையின் பெரும்பகுதியை நீட்டல் வயர் செய்கிறது. கமராவிலேயே வைத்து 1 மீட்டருக்கு மேல் எடுப்பவருக்குத்தான் நீங்கள் சொல்வது முழுதாகப் பொருந்தும்.

பற்றரி மைக்கில் ஒரு கவனம்: +20 நிலையை வீட்டில் போட்டுவிட்டு அப்படியே சத்தமான இடத்துக்குக் கொண்டுபோனால் கமராவின் உள்வாசலே நிரம்பி உடையும்.

கொட்டாஞ்சேனை_கமரா

அதுக்குச் சரியான உதாரணம் நாதஸ்வரமும் தவிலும். ஆடிவேல் தேருக்குப் பக்கத்தில நிண்டு எடுக்கேக்க மீட்டர் 0க்கு மேல போகேல்ல எண்டாலும் சத்தம் கிழிஞ்சிருக்கும். கமராவின்ர லெவல் குமிழுக்கு முன்னாலயே சிக்னல் தட்டையாகிட்டுது எண்டு அர்த்தம். எடிட்டில வொலியூமைக் குறைச்சாலும் கிழிசல் கிழிசல்தான்.

மைக் +20இல இருந்தால் 0க்கு மாத்துங்கோ, அதுவும் காணாட்டி -20க்கு. கமராவில அட்டனுவேட்டரை (உள்ள வாற பலத்த சத்தத்தைக் குறைக்கிற அமைப்பு) ஒன் பண்ணுங்கோ, கெனனில இருக்கு. அணசுக்கு (நாதஸ்வரத்தின்ர விரிஞ்ச வாய்) நேர நிக்காமல் பக்கமா 4-5 மீட்டர் தள்ளி நில்லுங்கோ. தவிலின்ர வலந்தலைப் பக்கம்தான் (வலப்பக்கத் தோல்) கூர், அந்தப் பக்கம் மைக்கின்ர முகத்தைக் காட்டாதேங்கோ. முடிஞ்சு வீட்ட வந்து அட்டனுவேட்டரை ஓஃப் பண்ண மறந்தால் அடுத்த நாள் குசினிக் குரல் அடியில கிடக்கும், அதையும் கவனியுங்கோ.

சமையல்கட்டு

காலிமுகத்திடல் காற்றுக்கு?

கொட்டாஞ்சேனை_கமரா

மே துவங்கி செப்ரெம்பர் வரை தென்மேற்குக் காத்து கடலில இருந்து நேரா அடிக்கும். வெறும் ஃபோம் அதுக்குக் காணாது. ஃபோம் வாய்க்காத்துக்கு மட்டும்தான். மயிர்த்தொப்பி கட்டாயம். வீடியோமைக்ரோ, எம்எம்1, எம்கேஇ 200 மூண்டுக்கும் பெட்டிக்குள்ளயே வரும். போட்டால் கழுத்துவரை இறக்கிப் போடுங்கோ. அடியில விரலளவு இடைவெளி விட்டால் காத்து அதுக்குள்ளால ஏறும். மயிர் ஒட்டிக் கட்டையாக் கிடந்தால் வேலை செய்யாது, பழைய பல் துலக்கியால சீவி நிமித்துங்கோ. ஆளும் நீங்களும் நிக்கிற விதம்: கடலுக்குப் பக்கவாட்டா, உங்கட உடம்பு காத்துக்கு மறைப்பா.

உப்புக் காத்து பட்ட நாள் வீட்ட வந்ததும் மைக்கின்ர உலோகத்தையும் பிளக்கையும் உலர்ந்த துணியால துடையுங்கோ. பிளக்கில உப்புப் படிஞ்சால் கொஞ்ச மாதத்தில திருப்பேக்க "கர்ர்" எண்டு சத்தம் போடும்.

ஈயப்பற்று

ஃபோம் பற்றி ஒரு சொல். கொழும்பு ஈரத்தில் பொலியூரித்தேன் ஃபோம் சில வருசத்தில் பிசுபிசுத்து மாவாக உதிரும். உதிர்ந்த துகள் மைக்கின் வலைக்குள் போனால் எடுப்பது கஷ்டம். விரலால் அமுக்கிப் பாருங்கள், திரும்பி எழும்பாவிட்டால் மாற்றும் காலம்.

ஒலிமானி

சமையல்கட்டு, உங்கள் தேவைக்கு என் சொல்: வீடியோமைக்ரோ, அல்லது காசு இறுக்கமென்றால் போயா எம்எம்1. மிச்சக் காசில் ஸ்டாண்ட், கம்பி, 3 மீட்டர் நீட்டல் வயர், பித்தளை மாற்றி. பற்றரி இல்லாத மைக் என்பதால் சார்ஜ் தீர்ந்து பதிவு போகும் பயமில்லை. எம்கேஇ 200இல் அதிர்வுதாங்கி உள்ளேயே இருப்பதால் பையில் போட வசதி. வெளி வேலை கூடினால் அதை யோசிக்கலாம். கடையில் வாங்கும்போது கமராவைக் கொண்டுபோய், மெனுவலில் வைத்து, அங்கேயே இருபது செக்கன் பதியுங்கள். வயரை மைக் பக்கமும் கமரா பக்கமும் மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள், அறுபடும் சத்தம் வந்தால் வேறு பெட்டி கேளுங்கள்.

சமையல்கட்டு

எம்எம்1உம் நீட்டல் வயரும் வாங்கியாச்சு. கைதட்டிப் பார்த்தேன், "ட்ர்ர்" இருந்தது. சாப்பாட்டு மேசைப் பக்கம் இரண்டு போர்வை தொங்கவிட்ட பிறகு வால் பாதியாகிட்டுது. 50 சென்ரிமீட்டரில் கிணற்றுச் சத்தம் இல்லை. ஒரேயொரு தொல்லை: வயர் செருகினால் எம்50இன் ஸ்கிரீனை எனக்கு நேரே திருப்பேக்க பிளக் தடுக்குது.

ஈயப்பற்று

எம்50இல் மைக் ஜாக்கும் ஸ்கிரீன் கீலும் ஒரே இடப்பக்கம், அதனால்தான். நேர் பிளக்குக்குப் பதில் எல் வடிவ பிளக் உள்ள குட்டி டிஆர்எஸ் வயர் ஒன்று, 15 அல்லது 20 சென்ரிமீட்டர் போதும். வளைவு கீழ்நோக்கி இருக்கும்படி செருகி, நீட்டல் வயரை அதில் பூட்டுங்கள். ஸ்கிரீன் அதற்கு மேலால் திரும்பும். சேரும் இடத்தை ட்ரைபொட் காலில் ஒரு வெல்க்ரோ பட்டியால் கட்டி, கமராவுக்குக் கிட்ட ஒரு கைப்பிடி அளவு வயரைத் தொய்வாக விடுங்கள். யாராவது காலில் தட்டினாலும் இழுவை ட்ரைபொட்டோடு நிற்கும், ஜாக்கின் ஈயப்பற்று விடுபடாது. வாங்கும்போது இரண்டு வளையமா என்று மறுபடியும் எண்ணிப் பாருங்கள்.